பை-பேன் டயல் ஒமேகா கான்ஸ்டெல்லேஷன்: சர்வீஸ் குறிப்புகள்

வாட்ச் ஒமேகா கான்ஸ்டெல்லேஷன், ரெஃபரன்ஸ் 168.005, ஸ்டீல் கேஸ், உள்ளே 561 மிஷின். மிஷினில் பொறித்திருக்கும் எண் 2 கோடியே 10 லட்சத்துச் சொச்சம். ஒமேகாவின் வரிசைப்படி அது 1960களின் முதல் பாதியைச் சேர்ந்தது. வேலைக்கு வந்தபோது கையை அசைத்தால் உள்ளே உலோகம் உரசும் சத்தம் கேட்டது. இரவு கழற்றி வைத்தால் விடிவதற்குள் நின்றுவிடும். ஓடுகிற நேரத்திலும் நாளுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் பின்தங்கியது. கண்ணாடி முழுக்கக் கீறல்.

இப்போது சத்தம் இல்லை. முழுச் சாவியில் 47 மணி நேரம் ஓடுகிறது, கையில் கட்டியிருந்தால் நாளுக்கு 3, 4 நொடி கூடுகிறது. டயலுக்குப் புதுச் சாயம் ஏற்றவில்லை, கேஸுக்குப் பாலிஷ் போடவில்லை. செய்த வேலையைப் போலவே செய்யாமல் விட்டதும் இந்த வாட்சில் முக்கியம். இதன் அழகு முழுவதும் விளிம்புகளிலும் மடிப்புகளிலும் இருக்கிறது. ஒரு தடவை பஃப் சக்கரத்தில் காட்டினால் அது போய்விடும், திரும்ப வராது. ஆகவே கழற்றுவதற்கு முன் டயலோடு கொஞ்ச நேரம் செலவழிக்க வேண்டும்.

டயல், கழற்றுமுன்

கான்ஸ்டெல்லேஷன் வரிசை 1952இல் வந்தது. க்ரோனோமீட்டர் சான்று (நேரத் துல்லியச் சோதனையில் தேறியதற்கான சான்று) பெற்ற மிஷின்களுக்கென்றே ஒமேகா ஒதுக்கிய வரிசை அது. பை-பேன் என்று சேகரிப்பாளர்கள் சொல்லும் டயல் இதன் தொடக்ககால மாடல்களில் வருவது. நடுவில் பன்னிரண்டு கோணங்கள் கொண்ட தட்டையான பரப்பு, அதன் ஓரத்திலிருந்து பன்னிரண்டு பட்டைகள் வெளிப்பக்கம் சரிந்து இறங்குகின்றன. கவிழ்த்து வைத்த தாம்பாளத்தின் ஓரம் போலத்தான், ஆனால் சரிவு மிகச் சிறியது. நேர் மேலிருந்து வெளிச்சம் விழுந்தால் சாதாரணத் தட்டை டயல் என்றே தோன்றும்.

சரிவைப் பார்க்க அறை விளக்கை அணைத்துவிட்டு ஒரே ஒரு எல்இடி மேசை விளக்கை டயலின் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, பக்கவாட்டில் வைக்க வேண்டும். வாட்சை மெல்லச் சுற்றினால் பட்டைகள் ஒவ்வொன்றாக வெளுத்து, அடுத்தது வெளுக்கும்போது முந்தியது கறுக்கும். இரண்டு பட்டைகள் சேரும் கோடு கத்தி முனை போல நேராக இருந்தால் டயல் அசல் என்று ஓரளவு நம்பலாம். நம் ஊர்ச் சந்தையில் கிடைக்கும் பழைய வாட்சுகளில் சாயம் ஏற்றிய டயல்கள் ஏராளம். பை-பேன் டயலில் அந்த வேலை சீக்கிரம் காட்டிக்கொடுத்துவிடும். புதுச் சாயத்தின் கனம் மடிப்புகளை நிரப்பி மழுக்கிவிடும், மணிக்குறிகளின் அடியில் மெல்லிய வரம்பாகத் தேங்கி நிற்கும், தேதி ஜன்னலின் உள்விளிம்பில் வழிந்திருக்கும். எழுத்தையும் பாருங்கள். அடியில் 6 மணிக்குக் கீழே இருக்க வேண்டிய 'ஸ்விஸ் மேட்' பெரும்பாலும் காணாமல் போயிருக்கும், அல்லது இருக்கும் இடத்தை விட்டு மேலே ஏறியிருக்கும். நிமிடக் கோடுகள் மணிக்குறிகளின் நடுவில் விழாமல் மயிரிழை தள்ளி நிற்கும்.

இந்த டயல் அசல். 4 மணிக்கும் 5 மணிக்கும் நடுவே பழுப்புப் புள்ளிகள் சில, வெளியோரத்தில் வார்னிஷ் கொஞ்சம் நிறம் மாறியிருக்கிறது. 10 மடங்கு ஐகிளாஸில் பார்த்தால் புள்ளிகள் வார்னிஷுக்கு அடியில் இருப்பது தெரிகிறது. அடியில் இருப்பதை மேலே துடைத்து எடுக்க முடியாது. அப்படியே விட்டாயிற்று.

மணிக்குறிகள் அச்சடித்தவை அல்ல, தனித்தனி உலோகத் துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் கீழே நுண்ணிய கால்கள் உண்டு. அவை டயலில் போட்ட துளைகள் வழியே இறங்கிப் பின்பக்கம் பொருத்தப்பட்டிருக்கின்றன. குறியின் மேல்பக்கம் பட்டை தீட்டியது, நடுவே கறுப்பு ஓனிக்ஸ் கீற்று. வெள்ளி நிறக் குறியை வெள்ளி நிற டயலில் வைத்தால் மங்கிய வெளிச்சத்தில் காணாமல் போகும். கறுப்புக் கீற்று இருப்பதால் மணி தெரிகிறது. முட்களிலும் இதே ஏற்பாடுதான். டோஃபின் வகை முள், நடுவில் நீளவாக்கில் முகடு, இருபுறமும் சரிவு. எந்தக் கோணத்தில் பிடித்தாலும் ஒரு சரிவு மின்னும், மறு சரிவு இருண்டு கிடக்கும். ரேடியமோ டிரிட்டியமோ தடவாத டயலில் இரவு உணவு மேசையின் வெளிச்சத்துக்கு இதுவே போதுமானதாக இருந்திருக்கிறது.

தேதி ஜன்னல் சதுரம் இல்லை. உள்பக்கம் குறுகி வெளிப்பக்கம் அகன்ற வடிவம், சுற்றிலும் உலோகச் சட்டம். பட்டைகள் மையத்திலிருந்து விரிந்து போகிற டயலில் ஜன்னலும் அதே போக்கில் விரிகிறது. பின்னால் வந்த எத்தனையோ விலையுயர்ந்த வாட்சுகளில் தேதிக்கென்று ஒரு சதுர ஓட்டை போட்டுவிட்டு நகர்ந்திருக்கிறார்கள். இங்கே யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

திறப்பது

பின்மூடி திருகு வகை. ஜெனீவா வானாய்வகத்தின் குவிமாடமும் மேலே எட்டு நட்சத்திரங்களும் புடைப்பாக இருக்கும். நழுவினால் கோடு விழுவது நட்சத்திரத்தின் மேல்தான். ரப்பர்ப் பந்தால் முயன்று திறக்கவில்லை என்றால் மூன்று பல் ஜாக்ஸா சாவி. கேஸை நைலான் தாடை உள்ள பிடிமானத்தில் வைத்து, நடுப்பகுதிக்கு காப்டான் (Kapton) டேப் இரண்டு அடுக்கு ஒட்டி, பற்களைப் பள்ளங்களில் சரியாக உட்கார வைத்து, மேலிருந்து அழுத்தியபடி திருப்ப வேண்டும். இறுகிப்போன மூடிக்கு பலம் கூட்டுவதைவிட மரையோரத்தில் ஒரு சொட்டு ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வைப்பது நல்லது. மூடி மேலிருக்கும்படி வைத்தால் எண்ணெய் உள்ளே இறங்கிவிடும், அதனால் வாட்சை நிமிர்த்தி, அதாவது மூடி கீழே இருக்கும்படி வைக்க வேண்டும்.

பழைய கேஸ்கட் தார் போல உருகி மரையில் ஒட்டிக் கிடந்தது. பெக்வுட் குச்சியைக் கூராக்கி முக்கால்வாசியைச் சுரண்டிய பிறகே லைட்டர் பெட்ரோல். முதலிலேயே பெட்ரோல் விட்டால் தார் கரைந்து மிஷினுக்குள் ஓடும்.

ஸ்டெம்மை (சாவி கொடுக்கும் குமிழான கிரவுனின் தண்டை) எடுக்க அதன் பக்கத்தில் உள்ள செட்டிங் லீவர் திருகை ஒரு சுற்று மட்டும் தளர்த்த வேண்டும். அதற்கு மேல் திருப்பினால் லீவர் டயல் பக்கம் விழுந்துவிடும், பிறகு டயலைக் கழற்றி அந்தப் பக்கம் முழுக்கப் பிரிக்காமல் ஸ்டெம் திரும்ப உட்காராது. எப்படியும் பிரிக்கத்தானே போகிறோம் என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். முட்கள் இன்னும் மேலே இருக்கின்றன, அவற்றை நகர்த்த ஸ்டெம் வேண்டும்.

கிரவுன் பத்துப் பட்டை கொண்டது. இந்த வடிவம் கான்ஸ்டெல்லேஷனுக்குப் பொருத்தமானது, ஏனென்றால் டயலின் கோணங்கள் கேஸின் ஓரத்திலும் தொடர்கின்றன. பல வாட்சுகளில் எப்போதோ தேய்ந்து, ஏதோ ஒரு வட்டக் கிரவுனை மாட்டியிருப்பார்கள். இதில் அசல் இருக்கிறது, பட்டைகளின் முனை கொஞ்சம் மழுங்கியிருக்கிறது, சாவி கொடுக்க விரலுக்குப் பிடி கிடைக்கிறது. மாற்றவில்லை.

முட்களை எடுப்பதற்கு முன் கிரவுனைத் திருப்பித் தேதி மாறும் கணத்துக்குக் கொண்டுவந்தால் மணி முள்ளும் நிமிட முள்ளும் 12இல் ஒரே கோட்டில் நிற்கும். டயலின் மேல் கிழிசல் உள்ள மெல்லிய பாலித்தீன் துண்டை நுழைத்து, இரண்டு லீவர்களை எதிரெதிரே வைத்து ஒரே நேரத்தில் அழுத்தினால் மூன்றும் சேர்ந்து எழும். பை-பேன் டயலில் லீவரின் முனை நடுவிலுள்ள தட்டைப் பரப்பிலேயே ஊன்ற வேண்டும். முதுகு கோணத்தின் விளிம்பில் பட்டால் அங்கே அழியாத பள்ளம் விழும். இதற்கென்றே முனை அகலமான லீவர் வைத்திருப்பது நல்லது.

டயலின் இரண்டு கால் திருகுகளையும் மிஷினின் ஓரத்தில் தளர்த்தினால் டயல் தானாக வரும். வராவிட்டால் நெம்பக் கூடாது, திருகு இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வெளியே வந்த டயல் உடனே மூடியுள்ள தனிப் பெட்டிக்குள் போக வேண்டும். ஊதுகுழாயால் இரண்டு ஊது, மணிக்குறிகளின் மேல்பக்கத்தில் மட்டும் ரோடிகோவை (அழுக்கை ஒட்டி எடுக்கும் பசை உருண்டை) தொட்டுத் தொட்டு எடுப்பது, அவ்வளவுதான் சுத்தம். எழுத்தின் மேல் ரோடிகோ பட்டால் எழுத்தும் கூட வரும். ஓனிக்ஸ் கீற்றுகள் ஒட்டப்பட்டவை, கரைப்பான் எதுவும் அருகில் போகக் கூடாது.

ரோட்டர்

மிஷினைத் திருப்பினால் செம்பு நிறப் பூச்சு. இந்தக் காலத்து ஒமேகாவின் அடையாளம் அது. பாலத்தில் 24 ஜுவல், ஐந்து நிலைகளிலும் வெப்பநிலையிலும் சரிபார்த்தது என்று பொறித்திருக்கிறது. 561 தேதியுள்ள மிஷின், 1959இலிருந்து வருகிறது. தேதி இல்லாத அண்ணன் 551, கிரவுனை இழுத்தே தேதியை மாற்ற முடிகிற தம்பி 564.

உரசும் சத்தத்துக்குக் காரணம் பார்த்தவுடனே தெரிந்தது. ரோட்டரின், அதாவது கை அசையும்போது சுழன்று சாவி ஏற்றும் கனத் தகட்டின், வெளியோரத்தில் செம்புப் பூச்சு போய்ப் பித்தளை பளபளத்தது, அதற்கு நேராக மூடியின் உள்புறம் வட்டமாக ஒரு கோடு. ரோட்டரின் கனமான ஓரத்தைப் பெக்வுட்டால் மேலும் கீழும் அசைத்துப் பார்த்தால் தெளிவாக ஆடுகிறது. இந்த வகை மிஷின்களில் அச்சு தேய்வது சகஜம். காய்ந்த எண்ணெயோடு வருடக்கணக்கில் ஓடினால் அச்சும் அது உட்காரும் துளையும் சேர்ந்தே தேயும். முதலில் அச்சை மாற்றிவிட்டு அசைவைத் திரும்பப் பார்க்க வேண்டும். அசைவு தங்கினால்தான் துளைக்குப் புஷ் (தேய்ந்த துளைக்குள் இறுக்கும் சிறு குழாய்). பழைய அச்சைத் தட்டி எடுத்து, புதியதை ஸ்டேக்கிங் செட்டில் (பஞ்சை நேராகப் பிடித்துத் தட்ட உதவும் கருவி) வைத்துத் தட்டி இறுக்க வேண்டும். துளைக்குச் சரியான பஞ்ச் இல்லாமல் சுத்தியலால் தட்டினால் ரோட்டர் வளைந்து, உரசல் இன்னொரு இடத்தில் தொடங்கும். இந்த வாட்சுக்கு அச்சு மட்டும் போதுமாக இருந்தது. ரோட்டர் ஓரத்தில் போன பூச்சை மறுபடி பூசவில்லை. மூடியைத் திறக்கிறவர் மட்டுமே பார்க்கப்போகிறார், அவருக்கு அது ஒரு தகவல்.

பிரிப்பது, கழுவுவது

இது எல்லா மிஷினுக்கும் உள்ள வேலைதான், நீட்டி எழுத ஒன்றுமில்லை. முதலில் மெயின்ஸ்பிரிங்கின் விசையை இறக்க வேண்டும். கிரவுனைப் பிடித்துக்கொண்டு கிளிக்கை விலக்கி மெல்ல விட வேண்டும். பிறகு பேலன்ஸ் (ஊசலாடும் சக்கரம்), பேலட் (அதைத் தள்ளிவிடும் கவை), சக்கரங்கள். ஸ்க்ரூடிரைவர்கள் 0.8, 1.0, 1.2, 1.6 மி.மீ. நான்கும் போதும், ஆனால் முனையை எண்ணெய்க்கல்லில் தீட்டித் திருகின் பள்ளத்துக்குச் சரியாக ஆக்கிக்கொள்ள வேண்டும். செம்புப் பூச்சில் விழுகிற கீறல் வெள்ளையாகத் தெரியும், ஒளிக்க முடியாது.

அம்மோனியா கலந்த கழுவுதிரவத்தில் 5 நிமிடம், இரண்டு தடவை அலசல், கொதிக்கும் காற்று அல்ல, வெதுவெதுப்பான உலர்காற்று. திரவத்தில் அதிக நேரம் ஊறவிட்டால் பூச்சில் திட்டு விழக்கூடும். ஹேர்ஸ்பிரிங்கோடு பேலன்ஸ் தனியாக ஒன்-டிப் திரவத்தில். இன்காபிளாக் அதிர்ச்சித்தாங்கியின் யாழ் வடிவ ஸ்பிரிங்கைத் திறக்கும்போது ஒரு விரலால் மேலே காப்புப் போடாவிட்டால் அதைத் தரையில்தான் தேட வேண்டும்.

எண்ணெய்: வேகமாகச் சுழலும் நுனிகளுக்கு மோபியஸ் 9010, மெதுவான கனத்த அச்சுகளுக்கு எச்பி 1300, பேலட் கற்களின் உந்து முகத்துக்கு 9415, கிரவுன் பக்கத்து உறுப்புகளுக்குக் கிரீஸ். பேலட்டின் அச்சு நுனிகளுக்கு எண்ணெய் கிடையாது. மெயின்ஸ்பிரிங் புதிது. தானியங்கி வாட்ச் என்பதால் ஸ்பிரிங்கின் வால் முழுச் சாவிக்குப் பின் பீப்பாய்ச் சுவரில் வழுக்க வேண்டும், எனவே சுவரில் பிரேக்கிங் கிரீஸ் நான்கைந்து புள்ளி. கூடினாலும் குறைந்தாலும் முன்கூட்டியே வழுக்கும், ஓடும் நேரம் குறையும்.

ஆம்ப்ளிட்யூட் ஏறாத கதை

ஆம்ப்ளிட்யூட் என்பது பேலன்ஸ் ஒரு பக்கம் ஊசலாடும் கோணம். துடிப்பைக் கேட்டு அதை அளக்கும் டைம்கிராபர் கருவியில் முதலில் லிஃப்ட் ஆங்கிளை (அந்தக் கணக்குக்கு அடிப்படையான கோணம்) 49 டிகிரிக்கு மாற்ற வேண்டும், இந்த வரிசை மிஷின்களுக்கு அதுதான். கருவி தானாக வைத்திருக்கும் 52இல் விட்டால் 270 டிகிரி இருப்பதை 286 என்று காட்டி மகிழ்விக்கும். துடிப்பு மணிக்கு 19,800, அதைக் கருவியே கண்டுபிடித்துக்கொள்ளும்.

எல்லாம் சேர்த்து முழுச் சாவி கொடுத்தபோது டயல் மேல்நோக்கிய நிலையில் வெறும் 238 டிகிரி. புது மெயின்ஸ்பிரிங், சுத்தமான சக்கரங்கள், 280க்கு மேல் வந்திருக்க வேண்டும். சந்தேகம் நேராகப் பீப்பாய்க்குப் போனது. கிரீஸ் போதாமல் ஸ்பிரிங் வழுக்கிவிடுகிறது என்று எண்ணிப் பிரித்து, துடைத்து, மறுபடி கிரீஸ் இட்டு மாட்டினால் அதே 238. அடுத்தது பேலட் கற்கள். 9415ஐத் துடைத்து மறுபடி இட்டும் இரண்டு டிகிரிதான் கூடியது.

இந்தத் தவறான வழிக்கு ஒரு காரணம் இருந்தது. பேலட்டை மாட்டுமுன் இரண்டு கிளிக் சாவி கொடுத்துச் சக்கரங்களைச் சுழலவிட்டபோது, அவை நிற்கும் தறுவாயில் கொஞ்சம் பின்னோக்கித் திரும்பின. உராய்வு இல்லை என்பதற்கு அது நல்ல அடையாளம். ஆனால் அந்தச் சோதனை நடக்கும்போது நடு நொடிமுள்ளின் பினியன் (சிறு பற்சக்கரம்) இன்னும் மாட்டப்படவில்லை.

561இல் நொடிமுள் நேராகச் சக்கர வரிசையின் பாதையில் இல்லை. பக்கவாட்டில் ஒரு சக்கரம் நடுப் பினியனை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியால் முள் நடுங்காமலிருக்க ஒரு மெல்லிய தட்டை ஸ்பிரிங் பினியனை லேசாக அழுத்துகிறது. எப்போதோ யாரோ இந்த ஸ்பிரிங்கை வளைத்து, அழுத்தத்தைக் கூட்டி வைத்திருக்கிறார்கள். ஸ்பிரிங்கைத் தனியாக எடுத்துவிட்டு ஓடவிட்டால் டைம்கிராபரில் 288. ஐம்பது டிகிரியையும் தின்றது நகத்தைவிட மெல்லிய அந்தத் தகடுதான்.

சரிசெய்வது பொறுமை வேலை. ஸ்பிரிங்கைக் கழற்றி, கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து, பித்தளை இடுக்கியால் முனையை மயிரிழை தூக்கி, மறுபடி மாட்டி, ஆம்ப்ளிட்யூட் பார்க்க வேண்டும். அழுத்தம் போதாவிட்டால் நொடிமுள் நொடிக்கு ஐந்தரைத் துடிப்பாகச் சீராக ஓடாமல் திக்கித் திக்கி நகரும். சரியான இடத்தில் முள்ளும் நடுங்காது, ஆம்ப்ளிட்யூடும் பத்து டிகிரிக்கு மேல் குறையாது. ஸ்பிரிங் பினியனைத் தொடும் முனையில் 9010இல் ஊசிமுனையளவு. கடைசியில் டயல் மேல் 282, கிரவுன் கீழ் 256, பீட் எரர் (இரு பக்கத் துடிப்புகளுக்கு இடையிலான வேறுபாடு) 0.2 மில்லிநொடி.

இந்த ஸ்பிரிங் தானியங்கிப் பகுதிக்கு அடியில் இருப்பதால் ஒவ்வொரு முறையும் மேலே உள்ளதைக் கழற்ற வேண்டியிருந்தது. அடுத்த 56x மிஷினுக்கு வரிசை மாறும். தானியங்கிப் பகுதியை மாட்டுமுன்பே, பினியன் ஸ்பிரிங் இல்லாமல் ஒரு அளவீடு, ஸ்பிரிங்கோடு ஒரு அளவீடு, இரண்டையும் தாளில் எழுதிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

முட்கள் திரும்ப

தேதி குதித்த அந்தக் கணத்தில் நிறுத்தி, மணி முள்ளை 12இல் அழுத்தலாம். பை-பேன் டயலில் ஒரு மயக்கம் உண்டு. டயலின் நடு உயர்ந்தும் ஓரம் தாழ்ந்தும் இருப்பதால், பக்கத்திலிருந்து பார்த்தால் நிமிட முள்ளின் நுனி டயலை விட்டு வெகு உயரத்தில் மிதப்பது போலத் தெரியும். முள் சரியாக இறங்கவில்லை என்று நினைத்து மேலும் அழுத்தினால் நடுவில் மணி முள்ளோடு உரசும். இடைவெளியை ஓரத்தில் பார்க்காமல் மையத்தில் பார்க்க வேண்டும். மணி முள் நடுப் பரப்புக்கு இணையாக, நிமிட முள் மணி முள்ளுக்கு இணையாக, நொடி முள் அதற்கு மேல். ஓரத்தில் எவ்வளவு இடைவெளி வருகிறதோ அது டயலின் வடிவம் தருவது. மணிக்குறிகளின் உள்முனையை மணி முள் கடக்கும் இடங்களை மட்டும் ஒரு முழுச் சுற்று ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

முகட்டின் மேல் அழுத்தும் கருவியின் முனை பட்டால் மினுக்கத்தில் ஒரு வட்டத் தடம் விழும். முனைக்கு மேல் பாலித்தீன் துண்டு ஒன்று போதும்.

கண்ணாடி

அசல் அக்ரிலிக் கண்ணாடியின் உள்புறம் நட்டநடுவில் ஒமேகா குறி கடுகைவிடச் சிறியதாகப் பதிந்திருக்கும். நேராகப் பார்த்தால் தெரியாது, விளக்கை ஓரமாகப் பிடித்தால் தெரியும். வாங்குகிற எவரும் முதலில் தேடுவது அதைத்தான், ஆனால் அது கண்ணாடிக்கு மட்டுமே சான்று, வாட்சுக்கு அல்ல. மேற்கீறல் மட்டும் இருந்தால் 1500, 2000, 3000 ஈரத் தாள்களில் தேய்த்துப் பாலிவாட்ச் பசையால் முடித்துவிடலாம். இதில் உலோக வளையத்தை ஒட்டி ஆரம் ஆரமாக மயிர் விரிசல்கள் இருந்தன. விரிசல் விட்ட அக்ரிலிக்கை மாற்றத்தான் வேண்டும்.

உள்ளே இறுக்கு வளையம் உள்ள கண்ணாடி இது. வெளியிலிருந்து கிடுக்கியால் சுருக்கி எடுக்கும் கருவி வேலை செய்யாது. மிஷின் வெளியே இருக்கும்போது உள்ளிருந்து நைலான் அச்சால் வெளியே தள்ள வேண்டும். புதியதை இறக்கும்போது அழுத்தம் கண்ணாடியின் ஓரத் தோளில் மட்டும் விழும்படியான அச்சு வேண்டும். குமிழில் அழுத்தினால் அன்று ஒன்றும் தெரியாது, கொஞ்ச நாளில் அதே இடத்தில் விரிசல் வரும். வளையத்தின் உள்முகத்தைப் பொருத்துமுன்பே துடைத்துவிடுங்கள். டயலைச் சுற்றி மின்னும் கோடு அது, கைரேகை பட்டிருந்தால் டயலே அழுக்காகத் தெரியும்.

கேஸ்

கேஸின் அகலம் கிரவுன் இல்லாமல் 35 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு, லக்குகளுக்கு (வார் மாட்டும் கால்களுக்கு) நடுவே 18. லக்கின் மேல்பரப்பு கேஸிலிருந்து நேராக வந்து, ஒரு திட்டமான கோணத்தில் கீழே மடங்குகிறது. பக்கவாட்டில் அகலமான சரிவு வெட்டு. மேல்பரப்பும் சரிவும் சேரும் கோடு கூராக இருந்தால்தான் லக் மெலிந்து தெரியும். பாலிஷ் போட்ட கேஸில் அந்தக் கோடு உருண்டு, லக் சோப்புத் துண்டு மாதிரி ஆகிவிடுகிறது. பின்மூடியில் நட்சத்திரங்கள் தட்டையாகி, குவிமாடத்தின் கோடுகள் மறைகின்றன. பளபளப்பு மட்டும் மிஞ்சுகிறது.

எனவே வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், மென்மையான பல்துலக்கி, வெறும் கேஸை அல்ட்ராசானிக்கில் சில நிமிடம். லக்குகளின் உள்மூலையில் இறுகிய அழுக்குக்குப் பெக்வுட். 7 மணிப் பக்க லக்கில் உள்ள ஆழமான கீறல் அங்கேயே இருக்கிறது. அதை எடுக்க வேண்டுமானால் லேசர் வெல்டிங்கில் நிரப்பி, சரிவைப் புதிதாக வெட்ட வேண்டும். கையால் தேய்த்து எடுக்கிற காரியம் அல்ல.

வார் மெல்லியதாக, லக் பக்கம் 2 மி.மீ. அளவில், நடுவில் பஞ்சு வைக்காததாக இருக்க வேண்டும். தடித்த வார் லக்கின் மடிப்பை மறைத்துவிடும், வாட்சும் கையில் ஏறி உட்காரும்.

செலவு, அளவுகள்

கண்ணாடி, மெயின்ஸ்பிரிங், ரோட்டர் அச்சு, கேஸ்கட் எல்லாம் சேர்ந்து, அஞ்சலும் சுங்கமும் உட்பட, ஏறத்தாழ 14,000 ரூபாய். பாதிக்குக் கிட்டே கண்ணாடிக்கு. எண்ணெய்க் குப்பிகள் ஏற்கெனவே இருந்தவை. புதிதாக வாங்குகிறவருக்கு நான்கு வகை மோபியஸும் ஸ்டேக்கிங் செட்டும் டைம்கிராபரும் சேர்ந்து இந்தத் தொகையைப் பல மடங்கு தாண்டும். ஆரம்பிப்பவர்கள் பழைய எச்எம்டி சாவி வாட்சுகளில் கைபழகிவிட்டு இதற்கு வருவது நல்லது. எச்எம்டிக்கு உதிரி கிடைக்கும், நொடி முள் ஒடிந்தால் இன்னொன்று வாங்கலாம். கான்ஸ்டெல்லேஷனின் முள்ளுக்கு ஓனிக்ஸ் உட்பட மாற்று தேட வேண்டும்.

561க்கு அவசரத் தேதி மாற்றம் கிடையாது. நள்ளிரவு தாண்டித் தேதி மாறிய பிறகு முட்களை 9 வரை பின்னே கொண்டுபோய், மறுபடி 12ஐக் கடத்தினால் அடுத்த தேதி. இருபது நாள் தேதி தள்ளிக் கிடந்தாலும் இப்படியே ஆட்டித்தான் கொண்டுவர வேண்டும், முழுச் சுற்றுகள் ஓட்டத் தேவையில்லை. கேஸ்கட் புதிதென்றாலும் தண்ணீர் பக்கம் போக வேண்டாம். கிரவுனின் உள்ரப்பர் அறுபது வயதுக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது, அதை மாற்றினால் கிரவுனையே மாற்ற வேண்டும்.

ரெகுலேட்டரின் (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் உறுப்பின்) அன்னக்கழுத்துத் திருகை நகர்த்தி முடித்த பின் முழுச் சாவியில் கிடைத்த கணக்கு: டயல் மேல் +6, டயல் கீழ் +5, கிரவுன் கீழ் +3, கிரவுன் இடப்பக்கம் +1, கிரவுன் மேல் −2. பகலில் கையில் கூடுகிற நொடிகளை இரவில் கழிக்க வேண்டுமானால் வாட்சைக் கிரவுன் மேலே இருக்கும்படி, 9 மணிப் பக்கம் ஊன்றி நிறுத்தி வைக்கலாம். வாரக் கடைசியில் பார்த்தால் சாதாரணமாக இருபது நொடிக்குள் நிற்கும்.